எண்ணூர் அலையாத்திக் காடு

வடசென்னையில் கொசஸ்தலையாறு வங்கக் கடலோடு சங்கமிக்கும் கழிமுகத்தில், அனல்மின் நிலையங்களுக்கும் துறைமுகங்களுக்கும் இடையே இன்றும் எஞ்சி நிற்கும் கண்டல் மரத் தொகுதி. அலையை ஆற்றுவதால் அலையாத்தி எனப்பட்டது என்பர். பெயரிட்ட மூதாதையர் இம்மரத்தின் தர்மத்தை நன்கு உணர்ந்தவர்களே.

இங்கு மிகுதியாகக் காணப்படும் வெண்கண்டல், பிராணவாயு அருகிய சேற்றில் வேரூன்றுவதால், விரல் பருமனுள்ள மூச்சுவேர்களைச் சேற்றுக்கு மேலே நூற்றுக்கணக்கில் நீட்டிச் சுவாசிக்கிறது. இலையின்மீது வெண்பொடியாகப் பூத்திருக்கும் உப்பைத் தொட்டே அறியலாம். அவ்வேர்களின் நிழலில் இறாலும் நண்டும் வளர்வதால், காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம் முதலிய ஊர்களின் மீனவருக்கு இம்மரங்களைப் பரிபாலிப்பதும் ஜீவனத்தைக் காப்பதும் ஒன்றே.

2017 ஜனவரி 28-இல் காமராஜர் துறைமுகத்துக்கு அருகே இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கசிந்தபோது, மாணவரும் மீனவரும் எர்ணாவூர்க் கரையில் நின்று அதை வாளி வாளியாக அள்ளினர். 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து வந்த எண்ணெய் மூச்சுவேர்களிலும் அடிமரங்களிலும் கரிய வளையமாகப் படிந்த காலத்தில், படகுகளோடு கழிமுகத்தில் இறங்கி உடலெங்கும் கறையேற உழைத்தவர்களும் இம்மீனவரே. அவ்வுழைப்பு என்றும் போற்றத்தக்கது.

இக்காட்டை மீட்க, நாற்று நடுவதினும், அனல்மின் நிலையச் சாம்பலும் சேறும் தூர்த்த நீர்வழியைத் திறந்து வைப்பதே இங்கு பிரதானமான பணி. ஓதம் தடையின்றி ஏறி இறங்கும் சேற்றில், மிதந்து வரும் வெண்கண்டல் விதை தானே வேர்விடும்.