ரூட் என்னும் பெரிய சாவி

சாத்தூர் வெயிலில் மத்தியானம் வெளியே தலைகாட்ட முடியவில்லை. ஆகவே இந்த வாரமும் பழங்கதைதான். ஆனால் கணினியின் பழங்கதை.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். எல்லாப் பூட்டையும் திறக்கும் ஒற்றைச் சாவியை அங்கே 'பாஸ்பார்த்து' என்போம். பிறகு அரசுக் குமாஸ்தாவாகிக் கருவூலத்தைப் பார்த்தபோது கிடைத்தது நேர் எதிரான பாடம். பெட்டக அறைக்கு இரட்டைப் பூட்டு. இரண்டு சாவியும் ஒருவர் கையில் இருக்கக் கூடாது.

1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிட்சியும் யூனிக்ஸை உருவாக்கத் தொடங்கினார்கள். ஒரே கணினியைப் பலர் பகிர்ந்துகொண்ட காலம் அது. ஒருவர் கோப்பில் இன்னொருவர் கைவைக்காதபடி ஆளுக்கு ஓர் எண் உண்டு. பூஜ்யம் எண்காரருக்கு மட்டும் எந்தத் தடையும் இல்லை. அவர்தான் 'ரூட்'. நம் பாஸ்பார்த்து!

அந்தச் சாவியை எத்தனை பேரிடம் கொடுப்பது? 1980 வாக்கில் நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகத்தின் பஃபலோ வளாகத்தில் 'சூடோ' பிறந்தது. சாவியைக் கையில் தராமல், கேட்ட வேலைக்கு மட்டும் கதவைத் திறந்துவிடும். யார், எப்போது, என்ன செய்தார் என்று பதிவேட்டிலும் ஏற்றிவிடும். 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸுக்கும் இது வந்து சேர்ந்தது. 2004இல் வெளிவந்த உபுண்டு, ரூட் கணக்கையே பூட்டிவைத்து சூடோவை மட்டும் கொடுத்தது.

2007இல் சி-டாக் நிறுவனம் 'பாஸ்' என்ற இந்திய லினக்ஸை வெளியிட்டது. 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் அது நம் பிள்ளைகள் வீட்டுக்கும் வந்தது. பேத்தி படித்து முடித்ததும் அவளுடைய மடிக்கணினி எனக்கு வந்தது.

அடிக்கடி 'அனுமதி இல்லை' என்று அது சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. ரூட்டாகவே உள்ளே நுழைந்து எல்லா வேலையும் பார்த்தேன். ஒருநாள் இணையத்தில் கண்ட ஒரு வரியை அப்படியே ஒட்டினேன். எல்லாக் கோப்பின் அனுமதியையும் ஒரே அடியாக மாற்றும் கட்டளை அது. அடுத்த முறை மடிக்கணினி எழவே இல்லை. உள்ளே என் ஓய்வூதியத் தாள்கள், மறைந்த மனைவியின் கடைசிப் படங்கள். தெருப் பையன் ஒருவன் பென்டிரைவில் வேறு லினக்ஸை ஏற்றி அவற்றை மீட்டுக் கொடுக்கும்வரை எனக்குத் தூக்கமில்லை.

"தாத்தா, பட்டாசு ஆலையில ஏன் அறைகளைத் தள்ளித் தள்ளிக் கட்டுறாங்க?" என்று கேட்டான். ஓர் அறையில் பற்றினால் அடுத்த அறைக்குப் போகக் கூடாது என்பதற்காக. சாதாரணக் கணக்கும் அப்படித்தான். கெட்ட நிரல் நுழைந்தாலும் கணினி முழுவதும் அதன் கைக்குப் போய்விடுவதில்லை. ஆனால் அந்த அறைக்குள் இருக்கும் நம் சொந்தக் கோப்புகள் போகலாம். ஆகவே தனியே ஒரு பிரதி அவசியம்.

சூடோவிலும் ஓட்டை உண்டு. ஏறக்குறைய 10 ஆண்டுகள் மறைந்திருந்த ஒன்று 2021 ஜனவரியில் வெளிப்பட்டது. கூடவே திருத்தமும் வந்தது. அதனால் புதுப்பித்தலைத் தள்ளிப்போடாதீர்கள். இணையத்தை ரூட்டாக இருந்து பார்க்காதீர்கள். சூடோ கடவுச்சொல் கேட்டால் எரிச்சல்படாமல் மேலே எழுதியதை மறுபடி வாசியுங்கள். கையெழுத்துப் போடுமுன் கோப்பைப் படிப்பது நமக்குப் பழகிய வேலைதானே!