பள்ளியைப் பெற்றெடுத்த பிள்ளைகள்

1855ஆம் ஆண்டில் வட்டுக்கோட்டைச் செமினரி மூடப்பட்டபோது, முப்பத்திரண்டு ஆண்டுகளாக அங்கே கணிதமும் வானசாஸ்திரமும் தர்க்கமும் தமிழும் ஆங்கிலமும் ஒருங்கே கற்றுத் தேறி, இலங்கையிலும் தமிழகத்திலும் உத்தியோகம் பார்த்தும் ஆசிரியராய் அமர்ந்தும் பத்திரிகை நடத்தியும் வந்த நூற்றுக்கணக்கான பழைய மாணாக்கருக்கு, தாம் பிறந்த வீட்டைப் பிறர் பூட்டிச் சென்றதுபோன்ற மனக்கிலேசம் உண்டாகியிருக்க வேண்டும். அமெரிக்க மிஷனின் தலைமைச் சபையிலிருந்து வந்த தூதுக்குழுவினரும், அவருள் முதன்மையான ரூபஸ் அண்டர்சன் என்பவரும், ஆங்கிலக் கல்வி பெற்ற இளைஞர் சுவிசேஷ ஊழியத்துக்கு வாராமல் அரசாங்க உத்தியோகங்களை நாடிப் போகின்றனர் என்றும், ஊழியத்துக்குச் சுதேச பாஷையிற் பெறும் கல்வியே போதுமானது என்றும் கருதியதே அம்முடிவுக்குக் காரணம். யாழ்ப்பாணத்தில் இன்று ஊருக்கு ஊர் காணப்படும் பழைய மாணவர் சங்கங்களின் பூர்வ கதையை விசாரிக்கப் புகுவோர், இந்தப் பூட்டிய கதவிலிருந்தே தொடங்குவது தகும் என்பது என் எண்ணம்.

1823இல் டானியேல் பூர் பாதிரியாரைத் தலைவராகக் கொண்டு தோன்றிய அந்தச் செமினரியில், பிள்ளைகள் உண்டு உறைந்து கற்பதற்கான செலவிற் பெரும்பங்கு கடல்கடந்து வந்தது. அமெரிக்காவில் ஏதோ ஓர் ஊரிலிருந்த ஒரு குடும்பமோ ஒரு சபையோ ஒரு பிள்ளையின் செலவை ஏற்றுக்கொள்ளும். அந்த உபகாரியின் பெயரோ, அவர் விரும்பிய பெயரோ அப்பிள்ளைக்கு இடப்படும். கறோல் விசுவநாதபிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை என்று நம் இலக்கிய சரித்திரத்தில் வரும் இரட்டைப் பெயர்கள் இவ்வழக்கத்தின் அடையாளங்களே. தன் பெயரைப் பிறனொருவனிடம் பெற்று வாழ்நாள் முழுதும் சுமப்பதில் ஒரு சங்கடம் இல்லாமற் போகாது. மதம் மாறுவதற்கான நிர்ப்பந்தமும் அவ்வுபகாரத்தோடு ஒட்டியிருந்தது என்பதை மறைப்பதற்கில்லை. ஆயினும், முகம் அறியாத ஒருவர் தம் பொருளைக் கொடுத்ததனாலேதான் தனக்குக் கல்வி கிடைத்தது என்ற நினைவு, ஒவ்வொரு முறை கையொப்பமிடும்போதும் அம்மனிதனுக்கு எழுந்திருக்கும் அல்லவா? அந்த நினைவே பிற்காலத்துச் சங்கங்களுக்கெல்லாம் வித்து என்று நான் கருதுகிறேன்.

வித்து முளைத்த விதமும் விரைவானதே. 1841இல் 'உதயதாரகை' வெளிவரத் தொடங்கியபோது அதன் ஆசிரியராய் அமர்ந்த ஹென்றி மார்ட்டின், சேத் பேசன் ஆகிய இருவரும் செமினரியிற் பயின்றவர்கள். விசுவநாதபிள்ளை எழுதிய 'வீசகணிதம்' தமிழ்ப் பிள்ளைகள் தம் மொழியிலேயே அக்கணிதத்தைக் கற்க வழி செய்தது. அவரும் சி. வை. தாமோதரம்பிள்ளையும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாய்த் தேறினர். பழந்தமிழ் நூல்களை ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்த தாமோதரம்பிள்ளையின் உழைப்பை உலகம் அறியும். அவர் ஏழாலையில் ஒரு பள்ளியை நிறுவியதை அறிந்தவர் சிலரே. கற்றவன் கற்பிக்கும் இடமொன்றை உண்டாக்கவேண்டும் என்பது அத்தலைமுறையினர்க்கு இயல்பான சிரத்தையாய் இருந்தது.

ஆகவே செமினரி மூடப்பட்ட பின்னரும் அவர்கள் வாளாவிருந்திலர். உயர்தரக் கல்விச்சாலை ஒன்று மீண்டும் வேண்டும் என்று பழைய மாணாக்கரும் அவரைச் சூழ்ந்த கிறிஸ்தவக் குடும்பத்தாரும் இடைவிடாது கேட்டும், தம்மால் இயன்ற பொருளைத் தருவதாக முன்வந்தும் பிரயாசைப்பட்டதன் பயனாக, 1872ஆம் ஆண்டில் அதே வட்டுக்கோட்டையில் யாழ்ப்பாணக் கல்லூரி திறக்கப்பட்டது. ஹேஸ்டிங்ஸ் பாதிரியார் முதல் அதிபரானார். அமெரிக்காவிலும் கல்லூரிக்கென மூலதனம் திரட்டப்பட்டு, அதனைக் காக்கத் தர்மகர்த்தர் சபை ஒன்றும் அமைந்தது.

அதே 1872இல் வண்ணார்பண்ணையில் ஆறுமுக நாவலரும் சைவப்பிள்ளைகளுக்காக ஓர் ஆங்கிலப் பள்ளியைத் தொடங்கினார். பேர்சிவல் பாதிரியாரின் பள்ளியிற் கற்று, அங்கேயே கற்பித்து, பின்பு 1848இல் தாமே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவிய அப்பெருமகனுக்கு அறிவிலோ ஆற்றலிலோ தியாகத்திலோ குறைவில்லை. ஆனால் போதிய பொருள் இன்மையால் அந்த ஆங்கிலப் பள்ளி சில ஆண்டுகளிலேயே நின்றுபோயிற்று. ஒரே ஆண்டில் பிறந்த இவ்விரண்டு ஸ்தாபனங்களின் கதியை நோக்கும்போது, ஒரு தனி மனிதரின் தவம் எத்துணை உயர்ந்ததாயினும், ஆண்டுதோறும் வருவாய் தரும் நிதியும், அதற்குக் கணக்குக் காட்டும் ஒரு சபையும் இல்லாவிடின் பள்ளி நிலைப்பது அரிது என்பது தெளிவாகும்.

நாவலர் விட்ட இடத்தை நிரப்ப முற்பட்டவரும் வட்டுக்கோட்டையின் பழைய மாணாக்கரே. நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை தம் முதுமையிலே யாழ்ப்பாண நகரில் ஓர் ஆங்கிலப் பள்ளியைத் தொடங்கினார். அது சைவ பரிபாலன சபையாரின் பொறுப்பில் 1890இல் வண்ணார்பண்ணைக்கு வந்து, சில ஆண்டுகளில் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி என்ற பெயரைப் பெற்றது. அவருடைய மைந்தர் நெவின்ஸ் செல்வத்துரை அக்கல்லூரிக்குப் பல ஆண்டுகள் அதிபராயிருந்து அதனை வளர்த்தார். கிறிஸ்தவ மிஷன் ஊட்டிய கல்வி, சைவர் கல்லூரிக்கு அடித்தளமாய் வந்து சேர்ந்த இச்செய்தியை எண்ணுந்தோறும் எனக்கு மனம் நெகிழ்கிறது. ஒருவர் பெற்ற கல்வி எந்த வாயிலாக அடுத்தவரைச் சென்றடையும் என்பதைக் கொடுத்தவரே நிர்ணயிக்க இயலாது.

அவ்விந்துக் கல்லூரியில் 1905ஆம் ஆண்டில் பழைய மாணவர் சங்கம் அமைந்தது. தனித்தனியே இருந்த அபிமானம் யாப்பும் அங்கத்தவர் பணமும் ஆண்டுப் பொதுக்கூட்டமும் உடையதொரு நிறுவனமாய் உருப்பெற்ற காலம் அது. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்கும் பரியோவான் கல்லூரிக்கும் இடையே 1904 முதல் நடந்துவரும் கிரிக்கெட் ஆட்டம் பழைய மாணவரை ஆண்டுக்கொரு முறை மைதானத்தில் ஒன்றுகூட்டிற்று. மலாயாவில் ரயில்வேயிலும் அரசாங்க அலுவலகங்களிலும் எழுதுவினைஞராயிருந்த யாழ்ப்பாணத்தவர் கோயிலுக்கும் பள்ளிக்குமென்று அனுப்பிய பணம் பல கிராமங்களின் முகத்தை மாற்றிற்று.

1945இல் இலவசக் கல்வி வந்தபோது, கல்வி அமைச்சராயிருந்த கன்னங்கராவின் அப்பெருஞ் செயலால் கட்டணம் என்ற தடை நீங்கிற்று. 1960, 61ஆம் ஆண்டுச் சட்டங்களால் உதவிபெறும் பாடசாலைகளிற் பெரும்பாலானவற்றை அரசாங்கமே பொறுப்பேற்றது. இனிச் சங்கங்களுக்கு வேலை இல்லை என்று நினைத்தவரும் உண்டு. ஆனால் பேருந்துக்கும் பாதணிக்கும் மேலதிகப் புத்தகத்துக்கும் பகற்சோற்றுக்கும் வேண்டிய காசு எந்தச் சட்டத்தாலும் ஏழை வீட்டுக்கு வந்துசேரவில்லை. 1983ஆம் ஆண்டு இனக்கலவரத்துக்குப் பின் இலண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் சிட்னிக்கும் சிதறிப்போனவர்கள் அங்கங்கே கிளைச் சங்கங்கள் அமைத்து, போரால் உருக்குலைந்த பள்ளிகளுக்கு உதவியதை நன்றியோடு சொல்லவேண்டும். எனினும், மண்டபங்களும் நுழைவாயில்களும் நினைவுக் கற்களும் எழுவதற்குக் கிடைக்கும் உற்சாகம், பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தும் பிள்ளையைத் தேடிப்பிடித்து மறுபடி வகுப்பில் அமர்த்தும் காரியத்துக்குக் கிடைப்பதில்லை என்பது எனக்குப் பெருங்குறையாகவே தோன்றுகிறது.

அதனினும் பெரிய குறை ஒன்று உண்டு. புகழ்பெற்ற கல்லூரிகளுக்குப் பல நாடுகளில் சங்கங்கள் இருக்க, வன்னியின் உட்கிராமத்துப் பள்ளிகள் பலவற்றுக்கு ஒன்றும் இல்லை. அங்கே படித்தவர்கள் வயலிலும் கடலிலும் கூலிவேலையிலும் இருப்பதால், சங்கம் அமைக்கும் தகுதி தமக்கில்லை என்று ஒதுங்கிநிற்கின்றனர். அதிபரின் அலுமாரியிலுள்ள சேர்வு இடாப்பைப் புரட்டினால் பெயர்கள் கிடைக்கும். ஆண்டுக்கு ஒரு மூட்டை நெல்லின் விலையைத் தரக்கூடியவர் இருபது பேரேனும் அவற்றுள் இருப்பர். தலைவரும் செயலாளரும் பொருளாளருமாக மூவர், இருவர் கையொப்பமிட்டால் மட்டுமே பணம் எடுக்கக்கூடிய வங்கிக் கணக்கு ஒன்று, செலவை எல்லோரும் பார்க்கப் பள்ளிச் சுவரில் ஒட்டும் கணக்குத்தாள் ஒன்று, இவ்வளவும் போதும். முதலாண்டில் சாதாரண தரப் பரீட்சைக்குத் தோற்றும் பிள்ளைகளின் மாலை வகுப்புக்கு ஓர் ஆசிரியரும், வகுப்பு முடிந்து வீடு திரும்புமுன் அவர்கள் உண்ண ஒரு வேளை உணவும் அந்தப் பணத்தில் ஏற்பாடு செய்யலாம்.