பற்று, வரவு, மார்லின்

கடலுக்குப் போய் ஒரு பெரிய மீனைப் பிடிக்கவேண்டும் என்று உங்களுக்கு ஆசை. படகு கிடையாது. வலை கிடையாது. நீச்சல்கூட சுமார்தான். பையில் பணம் மட்டும் இருக்கிறது.

போதும்.

அமெரிக்காவின் தென்கோடியில் இருக்கும் கீ வெஸ்ட் தீவுக்குப் போனால், உங்களைப் போன்றவர்களுக்காகவே துறைமுகத்தில் படகுகள் வரிசைகட்டி நிற்கும். நாள் வாடகை. படகோடு ஒரு கேப்டன் வருவார். மேட் என்று ஓர் உதவியாளர் வருவார். மீன் எங்கே இருக்கும் என்பது கேப்டனுக்குத் தெரியும். இரையை முள்ளில் எப்படிக் கோக்கவேண்டும் என்பது மேட்டுக்குத் தெரியும். உங்கள் வேலை, படகின் பின்பக்கம் திருகி வைத்திருக்கும் நாற்காலியில் உட்கார்ந்திருப்பது. மீன் மாட்டினால் ரீலைச் சுற்றுவது. அப்புறம், மீனோடு நின்று போட்டோ எடுத்துக்கொள்வது.

போட்டோவில் கேப்டன் இருக்கமாட்டார். இருந்தாலும் ஓரமாக.

இப்போது சொல்லுங்கள். மீனைப் பிடித்தது யார்?

விளையாட்டுக்குக் கேட்கவில்லை. நான் பி.காம். எதைப் படித்தாலும் பற்று எங்கே, வரவு எங்கே என்றுதான் கண் தேடும். இந்தத் தொழிலின் கணக்கைப் பார்த்தால் ஓரிடத்தில் இடிக்கிறது.

ஆரம்பம் 1898. கலிஃபோர்னியா பக்கம் கேடலினா என்றொரு தீவு. சார்லஸ் ஃப்ரெடரிக் ஹோல்டர் என்பவர் அங்கே 183 பவுண்டு எடையுள்ள சூரை மீன் ஒன்றை வெறும் கழியும் ரீலும் வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் போராடிப் பிடித்தார். அதே வருடம் ட்யூனா க்ளப் என்று ஒரு சங்கம். மெல்லிய கயிறு, நேர்மையான சண்டை, மீனுக்கும் தப்பிக்க ஒரு வாய்ப்பு என்று ஏகப்பட்ட விதிகள். மீனவன் பிடித்தால் பிழைப்பு, கனவான் பிடித்தால் விளையாட்டு. அந்தக் கோடு அன்றைக்குப் போடப்பட்டது.

கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றவர்கள்தான் வாடகைப் படகுக்காரர்கள்.

கீ வெஸ்ட்டிலிருந்து க்யூபா தொண்ணூறு மைல். இரண்டுக்கும் நடுவே கல்ஃப் ஸ்ட்ரீம் ஓடுகிறது. கடலுக்குள் ஓடும் வெந்நீர் ஆறு என்று வைத்துக்கொள்ளுங்கள். மார்லின், சூரை, நம் ஊரில் மயில்மீன் என்கிறோமே அது, எல்லாம் அந்த ஆற்றில்தான் திரியும். 1920-லிருந்து 1933 வரை அமெரிக்காவில் மதுவிலக்கு. அந்த ஆற்றின் மீது மீன் படகுகளைவிடச் சுவாரஸ்யமான சரக்கெல்லாம் போய்வந்துகொண்டிருந்தது. ஜோ ரஸ்ஸல் அப்படி ஓர் ஆள். ஆனிட்டா என்று ஒரு படகு. க்யூபாவிலிருந்து ரம் வரும். சமயத்தில் மீன் பிடிக்க வாடிக்கையாளரும் வருவார். மதுவிலக்கு முடிந்த அன்றே ஜோ ஒரு மதுக்கடை திறந்தார் என்றால், ஆளின் வேகத்தைப் புரிந்துகொள்ளலாம்.

வாடிக்கையாளர்களில் ஒருவர் எழுத்தாளர். எர்னெஸ்ட் ஹெமிங்வே. 1932-ல் ஆனிட்டாவில் ஏறி ஹவானாவுக்குப் போனார். இரண்டு வாரத்தில் திரும்புவதாகத் திட்டம். மார்லின் விடவில்லை. இரண்டு மாதம் ஆகிவிட்டது.

அங்கே அவருக்கு வாத்தியார், கார்லோஸ் குட்டியெரெஸ் என்கிற க்யூபா மீனவர். சின்ன வயதிலிருந்தே மார்லினோடு மல்லுக்கட்டி வயிறு வளர்த்த மனிதர். இரையை எந்த ஆழத்தில் விடவேண்டும், எப்போது இழுக்கவேண்டும், முக்கியமாக எப்போது இழுக்கக்கூடாது எல்லாம் அவர் சொல்லிக் கொடுத்ததுதான்.

இழுக்கக்கூடாது என்பதில் ஒரு நுட்பம் இருக்கிறது. மார்லின் இரையை எடுத்தவுடன் விழுங்காது. ஈட்டி மாதிரி நீண்ட மூக்கால் முதலில் ஓர் அடி. இரை அடிபட்டு மிதக்கவேண்டும். அப்புறம்தான் வாய் வைக்கும். படகு பாட்டுக்கு இரையை இழுத்துக்கொண்டே ஓடினால் மீன் சந்தேகப்பட்டுப் போய்விடும். இதற்கு ஃப்ளோரிடா கேப்டன்கள் ஒரு வழி கண்டார்கள். டாமி கிஃபோர்ட் என்பவர் பெயரை முதலில் சொல்வார்கள். படகின் இரண்டு பக்கமும் நீளமான மூங்கில் கழிகள். கழியின் நுனியில், நாம் துணி காயப்போட மாட்டுவோமே, அந்த க்ளிப். தூண்டில் கயிறு அதன் வழியாகப் போகும். மீன் அடித்ததும் கயிறு க்ளிப்பிலிருந்து கழன்று தொய்யும். இரை செத்தது போல அப்படியே நிற்கும். மீன் திரும்பி வந்து விழுங்கும். முடிந்தது கதை.

கவனியுங்கள். இத்தனை நேரமும் நாற்காலியில் இருந்தவர் ஒன்றுமே செய்யவில்லை.

1934-ல் கீ வெஸ்ட் நகராட்சி நிஜமாகவே திவாலானது. ஊரில் ஐந்தில் நாலு பேர் அரசு நிவாரணத்தில் வாழ்ந்தார்கள். வெளியூரிலிருந்து சுற்றுலாவுக்கு ஆள் வந்தால்தான் ஊர் பிழைக்கும் என்று அரசே தீர்மானித்தது. வாடகைக்கு ஓட ஒரு படகு இருந்தவன் பாக்கியசாலி. அதே வருடம் ஹெமிங்வே ப்ரூக்ளின் கப்பல் பட்டறையில் சொந்தமாக ஒரு படகு வாங்கினார். பிலார் என்று பெயர். முப்பத்தெட்டு அடி. விலை 7,495 டாலர். எஸ்கொயர் பத்திரிகை, எழுதப்போகும் கட்டுரைகளுக்காகக் கொடுத்த 3,000 டாலர் அட்வான்ஸும் அதில் அடக்கம். (பத்திரிகைக்காரனாக இந்த இடத்தில் ஒரு பெருமூச்சு.)

சும்மா சொல்லக்கூடாது. அந்தக் கணக்கில் எது இடிக்கிறது என்று ஹெமிங்வேக்குத் தெரிந்திருந்தது. 1937-ல் வெளியான 'டு ஹேவ் அண்ட் ஹேவ் நாட்' நாவலை எடுத்துக்கொள்ளுங்கள். கதாநாயகன் ஹாரி மார்கன், கீ வெஸ்ட்டின் வாடகைப் படகு கேப்டன். ஜான்ஸன் என்றொரு பணக்காரர் ஹவானாவில் நாள் கணக்கில் படகை எடுக்கிறார். கேப்டன் சொல்வதைக் காதில் வாங்காமல், விலை உயர்ந்த கழியையும் ரீலையும் கடலுக்குள் பறிகொடுக்கிறார். நாளைக் காலை மொத்தமாகத் தருகிறேன் என்கிறார். காலையில் ஆள் இல்லை. விமானம் ஏறிவிட்டார்.

எங்கள் பாடப்புத்தகத்தில் இதற்கு வாராக்கடன் என்று பெயர். கம்பெனியாக இருந்தால் ஒரு வரி எழுதித் தள்ளுபடி செய்துவிடும். ஹாரி மார்கனுக்கு வீட்டில் மனைவி, மூன்று பெண் குழந்தைகள். ஆள் கடத்தலில் இறங்குகிறான். நாவலின் கடைசியில் பிணமாகிறான். ஹாரிக்குப் பாதி மாடல் ஜோ ரஸ்ஸல்தான் என்பார்கள். ஜோ 1941-ல், ஹவானாவில், ஹெமிங்வேயோடு போயிருந்தபோது இறந்தார்.

ஆனால், எழுதிய மனிதருக்கே மீன் விஷயத்தில் பெருந்தன்மை கொஞ்சம் குறைவு. 1935-ல் பஹாமாஸின் பிமினி தீவுக்குப் போயிருந்தார்கள். நண்பர் ஹென்றி ஸ்ட்ரேட்டரின் தூண்டிலில் ராட்சத மார்லின் ஒன்று மாட்டியது. சுறாக்கள் வந்தன. ஹெமிங்வே இயந்திரத் துப்பாக்கியை எடுத்துச் சுடத் தொடங்கினார். சுறா ரத்தம் கடலில் கலக்க, இன்னும் நிறையச் சுறாக்கள் வந்தன. மார்லினில் மிஞ்சியது 500 பவுண்டு. கரையில் மீனோடு ஹெமிங்வே நின்று போஸ் கொடுத்தார். அந்த வருத்தம் ஸ்ட்ரேட்டருக்குக் கடைசிவரை போகவில்லை.

பணக்கார நண்பருக்கே இந்தக் கதி என்றால் கேப்டன், மேட்டெல்லாம் எம்மாத்திரம்?

இந்த மாதிரிச் சண்டைகளுக்கு ஒரு முடிவு வேண்டாமா? 1939-ல் நியூயார்க் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் கூடி, சர்வதேச விளையாட்டு மீன் சங்கம் ஒன்றை ஆரம்பித்தார்கள். பணம் போட்டவர் மைக்கேல் லெர்னர், பெண்களுக்கான துணிக்கடைகளால் செழித்த குடும்பம். ஹெமிங்வே பிறகு துணைத் தலைவர்களில் ஒருவரானார். உலக சாதனையை அந்தச் சங்கம்தான் இன்றுவரை பதிகிறது. அதன் விதி கறாரானது. மீன் மாட்டிய பிறகு கழியை, ரீலை, கயிற்றை வேறு யாரும் தொடக்கூடாது. முள்ளோடு சேர்ந்த கடைசிக் கயிறு கைக்கு எட்டும்போது மட்டும் மேட் அதைப் பிடிக்கலாம். உயிரோடு துடிக்கும் மீனை இரண்டு கையால் இழுத்துப் பிடிப்பது. கயிறு கையில் சிக்கி, மீனோடு கடலுக்குள் போனவர்கள் உண்டு. மீன் ஓடும் திசைக்கெல்லாம் படகைத் திருப்புவது, பின்னோக்கி ஓட்டிக் கயிற்றை மிச்சப்படுத்துவது கேப்டன் வேலை. அதெல்லாம் விதிப்படி 'உதவி' ஆகாது. சாதனைக்கு உரியவர் என்று பதிவாகும் பெயர், கழியைப் பிடித்தவருடையது.

தமாஷ் இனிமேல்தான்.

1936-ல் எஸ்கொயரில் ஹெமிங்வே ஒரு கட்டுரை எழுதினார். அதில் ஒரு பத்தி, ஒரு க்யூபா கிழவரைப் பற்றி. தன்னந்தனியே சிறு தோணியில் போனவரை ஒரு மார்லின் இழுத்துக்கொண்டு போய்விட்டது. இரண்டு நாள் கழித்து மற்ற மீனவர்கள் கண்டுபிடித்தபோது, தோணியோடு கட்டியிருந்த மீனில் பாதிகூட மிச்சமில்லை. சுறாக்கள் தின்றுவிட்டன. கிழவர் அழுதுகொண்டிருந்தார். பதினாறு வருடம் கழித்து அந்தப் பத்திதான் 'கிழவனும் கடலும்' ஆனது. 1953-ல் புலிட்சர். 1954-ல் நோபல்.

கதையில் வரும் கிழவர் சாந்தியாகோ, தன் மீனைச் சங்கத்திடம் கொண்டுபோயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? வெறும் கையால் கயிறு பிடித்தார், கழியும் இல்லை, ரீலும் இல்லை. தள்ளுபடி. சுறா கடித்த மீன். தள்ளுபடி. துணைத் தலைவர் எழுதிய கதையாக இருந்தால் என்ன, விதி விதிதான்.

கதையைப் படமாக எடுத்தார்கள். சரியான மீன் வேண்டும் என்று 1956-ல் ஹெமிங்வேயே பெரு நாட்டின் காபோ ப்ளாங்கோ வரை படக்குழுவோடு போனார். எதிர்பார்த்த காட்சி கிடைக்கவில்லை. 1958-ல் வந்த படத்தில் துள்ளிக் குதிக்கும் மார்லின் வேறொருவருடையது. ஆல்ஃப்ரெட் க்ளாஸெல் என்ற எண்ணெய்க் கிணற்று அதிபர், 1953 ஆகஸ்ட் 4 அன்று அதே காபோ ப்ளாங்கோவில் 1,560 பவுண்டு கறுப்பு மார்லின் பிடித்தார். இன்றைக்கும் முறியடிக்கப்படாத சாதனை. அவரிடமிருந்த ஃபிலிமைத்தான் படத்தில் சேர்த்தார்கள். ஆக, திரையில் ஏழைக் கிழவரோடு போராடும் மீன், கோடீஸ்வரர் கணக்கில் வரவு வைக்கப்பட்ட மீன்.

பிலாருக்கு வருவோம். 1938-லிருந்து அதன் மேட், க்ரிகோரியோ ஃபுயெந்தெஸ். 1928-ல் புயலுக்கு ஒதுங்கிய இடத்தில், வெங்காயம் கேட்டு அவர் படகுக்குப் போனார் ஹெமிங்வே. படகு இருந்த சுத்தத்தைப் பார்த்து அசந்துபோனார். அந்தப் பழக்கம் உயிர் உள்ளவரை நீடித்தது. 1961-ல் ஹெமிங்வே தற்கொலை செய்துகொண்டபோது, பிலார் க்ரிகோரியோவுக்கு என்று எழுதி வைத்திருந்தார். க்ரிகோரியோ அதைக் க்யூபா அரசிடம் ஒப்படைத்துவிட்டார். இன்று ஹவானாவுக்கு வெளியே, ஹெமிங்வே வாழ்ந்த வீட்டுத் தோட்டத்தில், தண்ணீர் இல்லாத தரையில் நிற்கிறது.

க்ரிகோரியோ, கோஹிமார் என்ற மீனவக் கிராமத்தில் 2002 ஜனவரி வரை வாழ்ந்தார். வயது 104. ஊர் கடற்கரையில் ஹெமிங்வேக்கு மார்பளவுச் சிலை ஒன்று இருக்கிறது. 1962-ல் வைத்தது. சிலைக்கு உலோகம் கிடைக்கவில்லை. அந்த ஊர் மீனவர்கள் தங்கள் படகுகளின் பித்தளைச் சாமான்களையும் ப்ரொப்பெல்லர்களையும் கொண்டுவந்து கொடுத்தார்கள். அதை உருக்கித்தான் முகம் செய்தது.