மின்னஞ்சலில் கட்டளை அனுப்பி மென்பொருள் பெற்ற காலம்

இன்று குன்றத்தூரில் ஒரு மாணவருக்கு மென்பொருள் தேவைப்பட்டால் மடிக்கணினியில் ஒரு பொத்தானை அழுத்துகிறார். சில நிமிடங்களில் அது வந்து இறங்கிவிடுகிறது. இணைய உலாவி பரவாத காலத்தில், மின்னஞ்சல் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு கடல் கடந்த மென்பொருள் கிடங்குகளிலிருந்து கோப்புகளை வரவழைத்தார்கள். கணினி படிக்கும் பிள்ளைகள் உள்ள குடும்பங்களுக்காக அந்த முறையை இங்கே விளக்குகிறோம்.

ஏன் மின்னஞ்சல்?

1986ல் மத்திய அரசின் மின்னணுத் துறை, ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் உதவியுடன் எர்நெட் என்ற கல்வி, ஆராய்ச்சி வலையமைப்பைத் தொடங்கியது. அதில் இணைந்த முதல் நிறுவனங்களில் நம் சென்னை ஐஐடியும் ஒன்று. ஆரம்பத்தில் கிடைத்த முக்கியச் சேவை மின்னஞ்சல்தான். பொதுமக்களுக்கு வி.எஸ்.என்.எல். இணையத்தைத் திறந்துவிட்டது 1995 ஆகஸ்ட் 15 அன்று.

கிடங்கிலிருந்து கோப்பை நேரடியாக எடுக்க, அது முழுமையாக வந்து சேரும்வரை இணைப்பு அறுபடாமல் இருக்க வேண்டும். மின்னஞ்சலுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஒரு கணினி கடிதத்தை வாங்கி வைத்துக்கொண்டு, அடுத்த கணினியுடன் தொலைபேசி இணைப்பு கிடைக்கும்போது தள்ளிவிடும். இணைப்பு மோசமான ஊருக்கும் அது எப்படியோ வந்து சேர்ந்துவிடும்.

நெட்லிப்

1985ல் ஜாக் டோங்கரா, எரிக் குரோஸ் இருவரும் அமெரிக்காவின் ஆர்கான் ஆய்வகத்திலும் பெல் ஆய்வகத்திலும் நெட்லிப் என்ற கிடங்கை அமைத்தார்கள். கணிதச் சமன்பாடுகளுக்குத் தீர்வு காணும் நிரல்கள் அதில் இருந்தன. ‘செண்ட் இண்டெக்ஸ்’ என்று ஒரே வரியை எழுதி அனுப்பினால் பொருளடக்கம் பதிலாக வரும். பிறகு ‘செண்ட் டிஜெகோ ஃப்ரம் லின்பேக்’ என்று கேட்டால், அந்த நிரலும் அது இயங்கத் தேவையான துணை நிரல்களும் சேர்ந்தே வரும். அந்த ஒன்று மட்டும் போதுமென்றால் ‘செண்ட் ஒன்லி’ என்று எழுத வேண்டும்.

மறுமுனையில் கடிதத்தைப் படித்தது மனிதர் அல்ல, ஒரு நிரல். நீங்கள் யார், எந்தக் கல்லூரி, யாருடைய சிபாரிசு என்று அது கேட்கவில்லை. மின்னஞ்சல் முகவரி இருந்தால் போதும், கட்டணமும் இல்லை. அமெரிக்கப் பேராசிரியருக்குக் கிடைத்த அதே நிரல் நம் ஊர் மாணவருக்கும் கிடைத்தது.

எஃப்டிபிமெயில்

பால் விக்ஸி உருவாக்கிய எஃப்டிபிமெயில் இன்னும் ஒரு படி மேலே போனது. டிஜிட்டல் நிறுவனத்தின் கலிபோர்னியா ஆய்வகத்தில் இயங்கிய இந்தச் சேவை, பொதுவாகத் திறந்துவைக்கப்பட்ட எந்தக் கிடங்கிலிருந்தும் கோப்பை எடுத்து அஞ்சலில் அனுப்பியது. கட்டளைகளை வரிக்கு ஒன்றாக எழுத வேண்டும்:

‘கனெக்ட்’ – எந்தக் கிடங்கு
‘பைனரி’ – இது வெறும் எழுத்துக் கோப்பு அல்ல
‘யுயுஎன்கோட்’ – எழுத்துகளாக மாற்றி அனுப்பு
‘கெட்’ – எந்தக் கோப்பு
‘க்விட்’ – முடிந்தது

அக்கால மின்னஞ்சல் எழுத்துகளை மட்டுமே சுமக்கும் என்பதால் மூன்று பைட்டுகளை நான்கு எழுத்துகளாக மாற்றினார்கள். 3,00,000 பைட் கோப்பு இதனால் சுமார் 4,13,000 ஆகப் பெருகும். 64,000 பைட் அளவில் வெட்டினால் ஏழு கடிதங்கள். நொடிக்கு 2,400 பிட் வேகமுள்ள மோடத்தில் அவற்றை இறக்க அரை மணி நேரம் போய்விடும். ஏழில் ஒன்று வழியில் தொலைந்தாலும் கோப்பு உதவாது. துண்டுகளை வரிசைப்படி ஒட்டி, பழைய உருவத்துக்கு மாற்றிய பிறகே மென்பொருள் கிடைக்கும்.

இலவசமா, ஷேர்வேரா?

கிடங்குகளில் இருந்த எல்லாமே இலவசம் அல்ல. சில கோப்புகள் ஷேர்வேர். அவற்றைப் பயன்படுத்திப் பார்க்கலாம். தொடர்ந்து பயன்படுத்தினால் எழுதியவருக்குப் பணம் அனுப்ப வேண்டும். பெரும்பாலும் கேட்பதற்கு ஆள் இல்லை. பயனாளியின் நேர்மையை நம்பியே அப்படிக் கொடுத்தார்கள். எழுதியவரின் உரிமை நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம் என்பதை இன்றும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இன்றும் உண்டு

உலாவிகள் வந்தபின் இந்த அஞ்சல் சேவைகளுக்குத் தேவை குறைந்துபோனது. நெட்லிப் இப்போது இணையதளமாக இருக்கிறது. டெபியன் இயங்குதளத்தின் பிழைப் பதிவேடு இன்றும் மின்னஞ்சல் கட்டளைகளை ஏற்கிறது. ‘செண்ட்’ என்று எழுதி பிழையின் எண்ணைக் குறிப்பிட்டால் அதன் விவரம் பதிலாக வரும்.

கணினி படிக்கும் பிள்ளைகள் அதற்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பிப் பார்க்கலாம். எழுத்துப் பிழை இருந்தால் இயந்திரம் யூகித்துப் புரிந்துகொள்ளாது. கட்டளை புரியவில்லை என்றுதான் பதில் வரும். வேண்டியதைத் தெளிவாகக் கேட்கவும், வந்ததைச் சரிபார்த்த பின் பயன்படுத்தவும் அது நல்ல பயிற்சி.