ரோட்டரி கட்டர்: டிராக்டருக்கும் நிலத்துக்கும் ஏற்ற தேர்வு

உயர்ந்து வளர்ந்த புல்லையும் முட்புதரையும் விரல் பருமனுள்ள மரக்கன்றுகளையும் அடித்து வெட்டுவதற்காக டிராக்டரின் பின்னால் மாட்டப்படும் கருவி ரோட்டரி கட்டர். எஞ்சினின் சுழற்சியைப் பின்கருவிக்குக் கடத்தும் பி.டி.ஓ. தண்டிலிருந்து அதற்கு ஓட்டம் கிடைக்கிறது. தமிழ்நாட்டு உழவர்களுக்குப் பழக்கமான ரோட்டவேட்டர் வேறு, இது வேறு. ரோட்டவேட்டரின் கத்திகள் படுக்கைவாட்டு அச்சில் சுழன்று மண்ணைக் கிளறும். ரோட்டரி கட்டரின் கத்திகளோ செங்குத்து அச்சில், தரைக்கு மேலேயே சுழலும். அவை மண்ணைத் தொடாமல் ஓட வேண்டும். இந்தியாவிலும் ஆஸ்திரேலியாவிலும் இதற்கு ஸ்லேஷர் என்று பெயர்.

கருவி வளர்ந்த இடம் அமெரிக்கா. ஹாரி ஃபெர்குசனின் மூன்று முனை இணைப்போடு 1939இல் ஃபோர்டு 9என் டிராக்டர் வந்ததும், சின்னப் பண்ணைக்காரரும் ஒரு கருவியைத் தனியாளாக மாட்டி, ஹைட்ராலிக் நெம்புகோலால் தூக்கி இறக்க முடிந்தது. 1940களின் பிற்பகுதியில் இல்லினாய் மாநிலத்தின் ஆரகன் என்ற ஊரில் வுட்ஸ் சகோதரர்கள் டிராக்டர் இழுக்கும் சுழல் வெட்டியைச் செய்தார்கள். 1951இல் அலபாமாவின் செல்மா நகரில் புஷ் ஹாக் நிறுவனம் தன் கட்டரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அந்தப் பெயர் அங்கே எவ்வளவு பரவியது என்றால், எந்த நிறுவனத்தின் கட்டரையும் இன்று புஷ் ஹாக் என்றே அழைக்கிறார்கள். பழைய கட்டர் விற்பனைக்கு என்று அந்தப் பெயரில் விளம்பரம் வந்தால், தகட்டில் அடித்திருக்கும் நிறுவனப் பெயரையும் மாடல் எண்ணையும் நேரில் பார்த்த பிறகே விலை பேச வேண்டும்.

கருவியின் அடிப்பகுதியைக் கவனித்தால் அதன் குணம் விளங்கும். கியர் பாக்ஸின் செங்குத்துத் தண்டு மேல்தகட்டைத் துளைத்து இறங்குகிறது. அதன் முனையில் ஒரு கனத்த இரும்புப் பட்டை, அல்லது கவிழ்த்து வைத்த தாம்பாளம் போன்ற வட்டத் தகடு பொருத்தியிருக்கும். பட்டையின் இரு முனைகளிலும் ஒவ்வொரு கத்தி தடித்த போல்ட்டில் தொங்குகிறது. இறுக்கி முடுக்கப்படாததால் கையால் தள்ளினால் கத்தி அசையும். பெரும்பாலும் அரை அங்குலக் கனமுள்ள அந்தக் கத்தியை ஓட்டும்போது மையவிலக்கு விசை விறைப்பாக நிறுத்துகிறது. கல்லிலோ வேர்க்கட்டையிலோ மோதினால் கத்தி பின்னால் மடங்கிக்கொண்டு, அடியின் வேகத்தில் ஒரு பங்கை விழுங்கிவிடும். வட்டத் தகடு இருந்தால் வெட்டுண்ட கட்டையின் மேல் கருவி வழுக்கி ஏறி இறங்கும். வெட்டுவது கூர்மையால் அல்ல, வேகத்தாலும் எடையாலும். கத்தி முனையின் வேகம் நொடிக்கு சுமார் 75 மீட்டர், அதாவது மணிக்கு ஏறத்தாழ 270 கிலோமீட்டர். சவரக் கத்தி மாதிரி தீட்டினால் முதல் கல்லிலேயே விளிம்பு சிதறும். மழுங்கலான விளிம்பே இதற்குச் சரி.

வீட்டு முற்றத்துப் புல்தரையை இதனால் அழகாக வெட்ட முடியாது. அதற்கு மூன்று கத்தியுள்ள ஃபினிஷ் மோவர் இருக்கிறது. ஒரே சீராகப் பொடியாக்கிப் பரப்ப வேண்டும், கல் அதிகம் தெறிக்கக் கூடாது என்றால் ஃப்ளெய்ல் மோவர் நல்லது. விலை கூடுதல், வேகம் குறைவு. வருடத்துக்கு ஒன்றிரண்டு முறை மட்டும் வெட்டும் மேய்ச்சல் நிலம், தரிசாக விட்ட வயல், வேலியோரம், காட்டுப் பாதை ஆகியவைதான் ரோட்டரி கட்டரின் வேலைக்களம்.

தேர்வு தொடங்க வேண்டியது டிராக்டரிலிருந்து. கடைகளில் எல்லோரும் முதலில் அகலத்தைக் கேட்கிறார்கள். கேட்க வேண்டியது பி.டி.ஓ.வில் கிடைக்கும் குதிரைத்திறன். பானட்டில் எழுதியிருப்பது எஞ்சினின் திறன். கியர்களையும் ஹைட்ராலிக் பம்பையும் கடந்து பின்தண்டுக்கு வந்து சேரும்போது அது குறைந்துவிடும். ஜான் டியர் 1025ஆர் என்ற சின்ன டிராக்டரின் எஞ்சின் 23.9 ஹெச்.பி., பி.டி.ஓ.வில் கிடைப்பதோ 18 ஹெச்.பி. வெட்டும் அகலத்தில் அடிக்கு 5 பி.டி.ஓ. ஹெச்.பி. வேண்டும் என்பது அமெரிக்கப் பண்ணைகளில் வழங்கும் கணக்கு. அதன்படி இந்த டிராக்டருக்கு 4 அடி கட்டரே கிட்டத்தட்ட வரம்பு, 5 அடி சுமை. 30 ஹெச்.பி. இருந்தால் 6 அடியை இழுக்கலாம். ஆனால் அடர்ந்த புதரும் கனரகக் கட்டரும் சேர்ந்தால் இந்தக் கணக்கும் போதாது. அடிக்கு இன்னும் கொஞ்சம் கூட்டித்தான் பார்க்க வேண்டும்.

அகலத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு. கட்டர் குறைந்தபட்சம் பின்சக்கரங்களின் வெளி விளிம்பு வரை மூடியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் டயர் மிதித்துச் சாய்த்த புல் வெட்டுப்படாமல் கோடுகோடாக நிற்கும். நேரத்தைக் கணக்கிட, மணிக்கு எத்தனை மைல் வேகம் என்பதை அகலத்தின் அடியால் பெருக்கிப் பத்தால் வகுத்தால், திருப்பங்களில் போகும் நேரத்தையும் சேர்த்து, ஒரு மணி நேரத்தில் முடியும் ஏக்கர் கிடைக்கும். 5 அடி கட்டர் 3 மைல் வேகத்தில் போனால் ஒன்றரை ஏக்கர். பத்து ஏக்கருக்கு ஏறக்குறைய ஏழு மணி நேரம். ஒரு முழு நாள் வேலை. இருநூறு ஏக்கர் வைத்திருப்பவருக்கு இது கட்டுப்படியாகாது. அவர் வாங்குவது இரு பக்கமும் சிறகு மடங்கும் 15 அடி கட்டர். நாலு மைல் வேகத்தில் மணிக்கு ஆறு ஏக்கர் முடியும், ஆனால் அதை ஓட்டப் பெரிய டிராக்டர் வேண்டும்.

அடுத்து எடைவகுப்பு. நிறுவனங்கள் ஒவ்வொரு மாடலுக்கும் எவ்வளவு தடித்த தண்டை வெட்டலாம் என்று அங்குலக் கணக்கில் சொல்கின்றன: சாதாரண வகைக்கு 1 அங்குலம், நடுத்தரத்துக்கு 2, கனரகத்துக்கு 3 அல்லது அதற்கும் மேல். இந்த எண்ணை நம்பி ஒரு அங்குலக் கட்டரில் தினமும் ஒரு அங்குலக் கன்றுகளையே வெட்டுவது தவறு. அது எப்போதாவது எதிர்ப்படுவதற்கான வரம்பு. வாங்குபவர் தன் நிலத்தைச் சுற்றிவந்து, அங்கிருப்பவற்றில் தடித்ததை அளந்து பார்த்து, அதற்கு ஒரு படி மேலே உள்ள வகையை எடுப்பது நல்லது. மேல்தகட்டின் கனம், கியர் பாக்ஸின் ஹெச்.பி. மதிப்பு, உத்தரவாத ஆண்டுகள் மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் விலை வித்தியாசத்தின் காரணம் புரியும். தகட்டின் கேஜ் எண் ஏற ஏறக் கனம் குறையும்: 12 கேஜைவிட 7 கேஜ் தடிமன்.

கனத்துக்கும் விலை உண்டு. 5 அடி நடுத்தரக் கட்டர் 300 கிலோ அளவில் இருக்கும். 6 அடி கனரகம் 500 கிலோவைத் தாண்டும். அந்த எடை பின் அச்சிலிருந்து தள்ளித் தொங்குவதால், தூக்கியவுடன் சின்ன டிராக்டரின் முன்சக்கரங்கள் லேசாகி, ஸ்டியரிங் திருப்பியும் வண்டி திரும்பாமல் போகும். மேட்டில் ஏறும்போது இது உயிருக்கே ஆபத்து. மொத்த எடையில் ஐந்தில் ஒரு பங்காவது முன்சக்கரத்தில் இருக்கும்படி முன்பக்கம் எடைக்கட்டிகள் மாட்ட வேண்டும். மூன்று முனையில் தூக்காமல் சொந்தச் சக்கரத்தில் இழுபடும் கட்டரும் உண்டு. இதில் டிராக்டரின் மேல் சுமை குறைவு. ஆனால் குறுகிய மூலையில் பின்வாங்கித் திருப்புவது தொல்லை. பின்னால் தாங்கும் சக்கரம் பழைய டயர்களை வில்லைகளாக வெட்டி அடுக்கிய கட்டி ரப்பராக இருந்தால் முள் குத்திப் பஞ்சராகும் பேச்சே இல்லை.

கியர் பாக்ஸையும் டிராக்டரையும் அதிர்ச்சியிலிருந்து காப்பாற்ற இரண்டு வழிகள். ஒன்று ஷியர் போல்ட்: மென்மையான ஒரு போல்ட் அறுந்து ஓட்டத்தைத் துண்டித்துவிடும். மலிவு, ஆனால் கரடுமுரடான நிலத்தில் அடிக்கடி இறங்கி மாற்ற வேண்டியிருக்கும். அவசரத்துக்குக் கடினமான போல்ட்டைப் போட்டுவிட்டால் அடுத்து உடைவது கியர்தான். இரண்டாவது வழி ஸ்லிப் கிளட்ச். உராய்வுத் தட்டுகள் வழுக்கி அடியை விழுங்கும், பிறகு வேலை தொடரும். புதரும் கல்லும் உள்ள நிலத்துக்கு இதுவே தகுந்தது, கூடுதல் விலைக்குப் பெறுமானம் உண்டு. ஆனால் மாதக்கணக்கில் சும்மா கிடந்தால் தட்டுகள் துருப்பிடித்து ஒன்றோடொன்று ஒட்டிவிடும். அப்புறம் கிளட்ச் இருந்தும் இல்லாத மாதிரி. ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் ஸ்பிரிங் நட்டுகளைத் தளர்த்தி, சில நொடி வழுக்க விட்டு, மீண்டும் கையேடு சொல்லும் அளவுக்கு முடுக்க வேண்டும்.

பழைய டிராக்டர் வைத்திருப்பவருக்கு ஒரு விஷயம் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். 1947 முதல் 1952 வரை வந்த ஃபோர்டு 8என் போன்றவற்றில் பி.டி.ஓ.வும் சக்கரங்களும் ஒரே கியர் பெட்டி வழியாக இணைந்தவை. ஓட்டுநர் வேலியருகே கிளட்ச்சை மிதிக்கிறார். எஞ்சின் துண்டிக்கப்படுகிறது. ஆனால் கட்டரின் கனத்த கத்திகள் சுழன்றபடியே இருக்கின்றன. அந்தச் சுழற்சி பி.டி.ஓ. தண்டு வழியாகத் திரும்பி வந்து சக்கரங்களை உருட்டுகிறது. மிதித்த கால் மிதித்தபடி இருக்க, டிராக்டர் வேலிக்குள் போகிறது. இதைத் தடுப்பது ஓவர்ரன்னிங் கிளட்ச் என்ற சின்ன இணைப்பி: எஞ்சின் கட்டரைச் சுழற்றலாம், கட்டர் டிராக்டரைத் தள்ள முடியாது. அதை மாட்டினால் தண்டின் நீளம் கூடும் என்பதால், கருவியை மேலும் கீழும் தூக்கிப் பார்த்துத் தேவையான அளவு தண்டை வெட்டிக்கொள்ள வேண்டும். பி.டி.ஓ. தனியாக இயங்கும் புதிய டிராக்டர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை.

நிமிடத்துக்கு 540 சுழற்சி உள்ள பி.டி.ஓ. ஒரு நொடிக்கு ஒன்பது முறை சுற்றும். சட்டை நுனி சிக்கினால் கையை இழுத்துக்கொள்ள நேரம் கிடையாது. தண்டின் பிளாஸ்டிக் உறை உடைந்த கட்டரை, மற்ற எல்லாம் நன்றாக இருந்தாலும், உறை மாற்றாமல் ஓட்டவே கூடாது. கத்தியில் பட்ட கல்லும் கம்பித் துண்டும் துப்பாக்கிக் குண்டாகப் பறக்கும். அதனால் முன்னும் பின்னும் சங்கிலித் திரை வாங்குவது ஆடம்பரம் அல்ல. திரை இருந்தாலும் நூறு மீட்டருக்குள் ஆளோ ஆடுமாடோ இருக்கக் கூடாது. 1985க்குப் பிறகு அமெரிக்காவில் வந்த டிராக்டர்களில் கவிழ்வுக் காப்புச் சட்டகம் பொதுவாகவே உண்டு; அதற்கு முந்தையவற்றில் கட்டர் வாங்கும் காசில் முதல் பங்கு அதற்குப் போக வேண்டும். கோடையில் கத்தி கல்லில் உரசிய பொறியே காய்ந்த புல்லைப் பற்றவைக்கும் என்பதால் மேல்தகட்டில் சேரும் சருகைத் தட்டிவிட்டு, ஈரம் காயாத காலையில் வெட்டுவது பாதுகாப்பு.

எந்தக் கட்டரும் வேரைக் கொல்லாது. வாங்குபவர்களில் பலர் ஏமாறுவது இங்கேதான். ஒக்லஹோமா, கான்சாஸ் புல்வெளிகளைப் பிடித்துக்கொள்ளும் கிழக்குச் செஞ்சீடர் இளங்கன்றை அடிப் பச்சைக் கிளைக்குக் கீழே வெட்டினால் மீண்டும் தளிர்க்காது. அங்கே கட்டர் முழு வெற்றி. டெக்சஸின் மெஸ்கீட் அப்படியில்லை. நிலத்தடி மொட்டுகளிலிருந்து அது திரும்ப எழும். வெட்டுமுன் ஒற்றைத் தண்டாக இருந்தது வெட்டிய பின் பல தண்டுப் புதராகும். நறுக்கிய அடிக்கட்டை டயரையும் கிழிக்கும். மெஸ்கீட்டின் நெருங்கிய உறவுதான் தமிழ்நாட்டில் சீமைக்கருவேலம். அதையும் மேலே வெட்டி வெட்டி ஒழித்தவர் கிடையாது. ஜே.சி.பி. வைத்து வேரோடு பிடுங்குவதன் காரணம் அதுதான். அலபாமாவில் சுவீட்கம் கன்றும் வேரிலிருந்து துளிர்க்கும். ஆண்டுதோறும் தவறாமல் வெட்டினால் அடக்கி வைக்கலாம், ஒழிக்க முடியாது.

எப்போது வெட்டுவது என்பதும் தேர்வின் ஒரு பகுதியே. அமெரிக்க அரசின் நிலப் பாதுகாப்பு ஒதுக்கீட்டுத் திட்டத்தில் சேர்ந்த நிலங்களில் பறவைகள் கூடுகட்டும் முதன்மைப் பருவத்தில் வெட்டத் தடை உண்டு. தேதிகள் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. தரையில் முட்டையிடும் பாப்வைட் காடைக்கு இந்த இடைவெளி பெரிய ஆதரவு. திட்டத்தில் சேராதவரும் வேனிலில் முழு நிலத்தையும் ஒரே மூச்சில் வெட்டாமல், மூன்றில் ஒரு பங்காகச் சுழற்சியில் வெட்டினால் காடைக்கும் முயலுக்கும் ஒதுங்க இடம் மிஞ்சும்.

பழைய கட்டர் வாங்குவோர் முதலில் தொட வேண்டியது கியர் பாக்ஸின் கீழ்ச் சீல். எண்ணெய் கசிந்து கருத்திருந்தால், புல்லோடு சுற்றிக்கொண்ட பழைய கம்பி சீலை அறுத்திருக்கலாம். பி.டி.ஓ. இணைப்பைக் கழற்றிக் கட்டரைத் தாங்கு கட்டைமேல் நிறுத்திய பிறகு கத்தியைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பார்க்க வேண்டும். தண்டும் சேர்ந்து ஆடினால் பேரிங் போய்விட்டது. கத்தி போல்ட்டின் துளை முட்டை வடிவமாகத் தேய்ந்திருந்தால் பட்டையையே மாற்ற வேண்டிவரும். மேல்தகட்டில் வெல்டிங் ஒட்டுகள் இருந்தால், விற்பவரிடம் காரணம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். கியர் எண்ணெய் பெரும்பாலும் 80டபிள்யூ-90. வேலை நாளில் எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை தண்டின் கிராஸ் மூட்டுகளில் கிரீஸ் அடிக்க வேண்டும்.