பாலம் கற்பித்த பாடம்

போட்டி என்றால் ஒருவன் வெல்வதும் மற்றவன் வீழ்வதும்தான் என்று நாம் எண்ணிப் பழகிவிட்டோம். அமெரிக்காவில் தோன்றிய மாணவர் ரோபோப் போட்டியின் வரலாறு அவ்வெண்ணத்தைத் திருத்துகிறது.

கண்டுபிடிப்பாளர் டீன் கேமன் 1989-ஆம் ஆண்டில் 'ஃபர்ஸ்ட்' என்னும் அமைப்பை நிறுவினார். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகப் பேராசிரியர் வுடி ஃபிளவர்ஸ் அவருக்குத் துணை நின்றார். 1992-இல் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்துப் பள்ளியொன்றில் 28 குழுக்களுடன் முதற்போட்டி நடந்தேறியது. அன்று ஒவ்வொரு குழுவும் தனக்காகவே ஆடிற்று. 1999-இல் இரண்டிரண்டு குழுக்கள் கூட்டணியாயின, 2005-இல் மும்மூன்றாயின. தகுதிச் சுற்றுகளில் யாருக்கு யார் துணை என்பதை அட்டவணையே தீர்மானிக்கும். இன்று எதிரே நிற்பவர் நாளை நம் பக்கம் நிற்பார்.

இவ்வமைப்பின் நுட்பம் 2012-ஆம் ஆண்டுப் போட்டியில் நன்கு விளங்கிற்று. ரோபோக்கள் கூடைப்பந்து எறிய வேண்டும். இறுதியில் தராசுபோல் ஏறி இறங்கும் பாலத்தில் சமநிலை காண வேண்டும். மிக உயர்ந்த கூடைக்கு 3 புள்ளிகள். இறுதிக்கட்ட ஆட்டங்களில் மூன்று ரோபோக்களும் ஒரே பாலத்தில் நிலைத்தாலோ 40 புள்ளிகள்!

மாணவர் முன் நின்ற கேள்வி இதுதான்: நன்றாக எறியும் பொறியைச் செய்வதா, பாலத்தில் பிறருக்கு இடம் விடும் பொறியைச் செய்வதா? ரோபோவின் அடித்தளம் 28 அங்குலத்திற்கு 38 அங்குலம் வரை இருக்கலாம். நீளவாட்டில் மூன்று நின்றால் 114 அங்குலம். குறுக்குவாட்டில் நின்றால் 84 அங்குலம். ஆகவே, அகன்ற பக்கத்தை முன்னே வைத்து ஓடும் பொறியைச் செய்தவர், இன்னும் அறிமுகமாகாத தோழருக்கும் அன்றே இடம் ஒதுக்கினார் எனலாம்.

நடுப்பாலம் இதனினும் வியப்புக்குரியது. தகுதிச் சுற்றில் எதிரணி ரோபோவுடன் சேர்ந்து அதில் சமநிலை கண்டால் இரு தரப்புக்கும் தரவரிசைப் புள்ளிகள் இரண்டு. ஓர் ஆட்டத்தை வென்றாலும் அதே இரண்டுதான்! தன் ஆட்டத்தில் தோற்றவனும் ஒத்துழைப்பால் உயர முடிந்தது.

தகுதிச் சுற்றின் முடிவில் முன்னணி எட்டுக் குழுக்கள் கூட்டாளிகளை அழைக்கும். முதற்சுற்றில் முதலாமவர் தொடங்கி எட்டாமவர் வரை. அடுத்த சுற்றில் எட்டாமவர் தொடங்கி முதலாமவர் வரை. எனவே முதலிடம் பெற்றவருக்கு மூன்றாம் தோழர் கடைசியிற்றான் வாய்ப்பார். அந்நேரத்தில் பலவும் அரைகுறையாகச் செய்யும் பொறியைவிட, ஒன்றைத் தவறாது செய்யும் எளிய பொறியே விரும்பப்படும். அதை அறியப் பிறர் ஆட்டத்தை ஊன்றிக் கவனித்துக் குறிப்பெடுத்திருக்க வேண்டும். தன் வலிமையை மட்டும் பார்த்தவர் அங்கே தடுமாறுவார்.

அரபியில் கூட்டணியை 'ஹில்ஃப்' என்பர்; சத்தியம் செய்தலைக் குறிக்கும் வேரிலிருந்து பிறந்த சொல் அது. நாம் நம் பிள்ளைகளிடம் "முதலாவதாக வா" என்கிறோம். "உன்னோடு சேர நாலு பேர் விரும்பும்படி வாழ்" என்று சொல்லத் தவறுகிறோம். இரண்டும் சேர்ந்ததே கல்வி.