டிஜிட்டல் ரூபாய்

டிஜிட்டல் ரூபாய் என்பது இந்திய ரிசர்வ் வங்கி மின்வடிவில் வெளியிடும் சட்டப்பூர்வ நாணயம். 2022 நிதிச் சட்டம், 1934ஆம் ஆண்டு ரிசர்வ் வங்கிச் சட்டத்தைத் திருத்தி இதற்கு வழிசெய்தது. மொத்தப் பரிவர்த்தனை, சில்லறை என இருவகைப்படும். முன்னது 2022 நவம்பர் 1 அன்றும், பின்னது டிசம்பர் 1 அன்றும் சோதனைக்கு வந்தன. சில்லறை வகை காகித நோட்டின் மதிப்புகளிலேயே கைபேசிப் பணப்பையில் இருக்கும். கையிலுள்ள ரொக்கத்தைப் போலவே வட்டி கிடையாது.

தனியார் கிரிப்டோ நாணயங்களின் கதை வேறு. வங்கிகள் அவற்றுக்குச் சேவை அளிக்க ரிசர்வ் வங்கி 2018 ஏப்ரலில் விதித்த தடையை, உச்ச நீதிமன்றம் 2020 மார்ச்சில் ரத்துசெய்தது. தடை போனது, வரி வந்தது. 2022 ஏப்ரல் முதல் லாபத்தில் 30 விழுக்காடு வரி, ஜூலை முதல் பரிமாற்றத்தில் 1 விழுக்காடு பிடித்தம். ஒரு நாணயத்தில் கண்ட நட்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்கவும் முடியாது.

2023 மார்ச்சில் கிரிப்டோ சந்தைகள் பணமோசடித் தடுப்புச் சட்டத்தின் கீழ் வந்தன.